அடுப்படி வரை ஒரு குழாய்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் மனைவி சுலோச்சனாவை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். தன் தங்கை தனத்தின் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறாள். கொஞ்ச நாள் என்பது நான் சொல்வது. எத்தனை நாள் என்று அவள் சொல்லவில்லை.

நெஞ்சு டாக்டர் போன வாரம் தெளிவாகத்தான் சொன்னார். அவளுக்கு மூச்சு இழுப்பது மரத்தூளால். வீட்டோடு ஒட்டியிருக்கும் பட்டறையை மூடுங்கள், முடியாவிட்டால் தூசி வீட்டுக்குள் வராமல் ஏதாவது வழி செய்யுங்கள் என்றார். முதல் பாதியைச் சொல்லும்போது நான் அவருடைய மேஜைக் கால் என்ன மரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேங்கை. மட்டமான இழைப்பு. இரண்டாவது பாதி மட்டும் என் காதில் நன்றாக விழுந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் பம்ப் கம்பெனியில் பேட்டர்ன் செய்தவன் நான். இரும்பில் வார்க்கப் போகிற உருவத்தை முதலில் மரத்தில் செய்து கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்றதும் ஆவாரம்பாளையம் வீட்டின் பின்பக்கம் ஒரு ஷீட்டை இறக்கி, ரம்பமும் இழைப்பு மெஷினும் போட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி செய்து கொடுக்கிறேன். யாரும் கேட்டதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். அடுப்படிக் கதவைத் திறந்தால் பட்டறை. தோசையிலும் தேக்கு வாசனை வரும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ஆயுத பூசைக்கு வந்து பாக்கறனுங்க. ஊடு ஊடாட்ட இருந்துச்சுன்னா இருக்கறேன். இல்லாட்டி தனத்து ஊட்லயே இருந்துக்கறேன். எனக்கு மூச்சு வேணுமுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நாலு பதில் சொல்லியிருப்பேன். கெஞ்சுகிற குரலில் சொல்லிவிட்டாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே இருமல். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் வீடு முழுக்கக் குழாய் ஓட்டி, ஒரே மோட்டாரை வைத்து வீட்டையும் பட்டறையையும் உறிஞ்சிக் காட்டுகிறார். அறைக்கு ஒரு துவாரம், அதற்கு ஒரு மூடி. மூடியைத் திறந்து ஹோஸைச் செருகினால் தூசியெல்லாம் குழாய் வழியாகப் பின்பக்கத்து டிரம்முக்குப் போய்விடுகிறது. ரம்பத்தின் அடியிலும் ஒரு வாய். அறுக்க அறுக்கத் தூள் காற்றில் ஏறுவதற்கு முன்னால் உள்ளே. அவர் மனைவி பக்கத்தில் நின்று கைதட்டுகிறார். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் அருமையான புளோயர் ஒன்று கிடைத்தது. ஏதோ பஞ்சு மில்லில் பறக்கிற பஞ்சை உறிஞ்சிக்கொண்டிருந்ததாம். ஆட்டோவில் கொண்டுவந்து, கேட்டிலிருந்து பட்டறை வரை உருட்டினேன். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்து வார்ப்பு, கனம் அதிகம்.

சாயங்காலம் சுலோச்சனா போன் செய்தாள். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் தொண்டையில் என்னவோ ஏறியது. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பிளம்பர் ஜமால் வந்தான். இந்தத் தெருவில் எல்லா வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அவன் கைவண்ணம். சுவரில் நான் போட்ட கரிக்கோடுகளைப் பார்த்துவிட்டு, "எத்தன டேப்புங்ணா?" என்றான்.

"டேப் இல்லப்பா. இது தண்ணிக்கு இல்ல, காத்துக்கு."

"காத்துக்கு எதுக்குங்ணா பைப்பு? ஜன்னலத் தொறந்து உடுங்க."

உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினேன். கவனமாகக் கேட்டான். கடைசியில், "அப்ப டேங்க் எங்கீங்ணா வருது?" என்றான்.

ஆகஸ்ட் 30, சனி

குழாய் ஓட்டி முடிந்தது. ஹாலில் ஒரு வாய், படுக்கையறையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, பட்டறையில் ரம்பத்துக்கு அடியில் ஒன்று. எல்லாம் ஒரே தாய்க்குழாயில் போய்ச் சேர்கிறது. மூடி இடுக்கில் காற்று கசியாமல் இருக்க, சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஜமால் ஒரு யோசனை சொன்னான். டிரம்மிலிருந்து நாற்றமோ கரப்பான் பூச்சியோ வீட்டுக்குள் வராமல் இருக்க, கழிவுநீர்க் குழாயில் போடுகிற மாதிரி நடுவில் ஒரு 'டிராப்' போட்டுவிடலாம் என்றான். வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், வாடை தாண்டாது. நல்ல யோசனை என்று தோன்றியது. ஒரு பேட்டர்ன்காரனும் ஒரு பிளம்பரும் ஒரே நேரத்தில் தலையாட்டினால் அந்த யோசனையை உடனே குப்பையில் போட வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஏணியில் ஏறி இறங்கியதில் மூச்சு வாங்குகிறது. ஏணி பழைய ஏணிதான். படிகள் உயரமாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

முதல் ஓட்டம். தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டு, ரம்பத்தில் ஒரு தேக்குப் பலகையைத் தள்ளினேன். தூள் அத்தனையும் வாய்க்குள் பாய்ந்து போயிற்று. கைதட்ட ஆள் இல்லாததால் நானே தட்டிக்கொண்டேன். தட்டி முடிப்பதற்குள் உறிஞ்சுகிற சத்தம் மாறி, முனகி, நின்றுவிட்டது.

டிராப்பில் நின்ற தண்ணீரும் மரத்தூளும் சேர்ந்து அடை மாவுப் பதத்துக்கு வந்து குழாய் முழுக்க அப்பிக்கொண்டது. ஜமால் விரலால் தொட்டுப் பார்த்து, "காஞ்சா சிமெண்டாட்ட ஆயிருமுங்ணா" என்றான். அதைச் சந்தோஷமாகச் சொன்னான்.

செப்டம்பர் 4, வியாழன்

காய்ந்துவிட்டது. சிமெண்டுதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

குழாயை அறுத்து, டிராப்பைத் தூக்கி எறிந்து, நேர்க்குழாய் போட்டாயிற்று. பூச்சி வந்தால் வரட்டும்.

இரண்டு நாளாக ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறேன். மின்விசிறிக் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது. கட்டிலில் நீட்டிப் படுத்தால் என்னவோ ஒத்துவரவில்லை. மெத்தை பழசு.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் ஜமால் ஊர் முழுக்கச் சொல்வது மட்டும்தான் சரித்திரமாக நிற்கும்.

தூள் விழுவதற்கு நீல நிற பிளாஸ்டிக் பேரல் வைத்திருந்தேன். அதன்மேல் தகரக் கூம்பு. காற்று கூம்புக்குள் சுழலும்போது தூள் கீழே பேரலில் விழுந்துவிடும், வெறும் காற்று வெளியே போய்விடும். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஹாலில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு திரைச்சீலைப் பக்கம் போனேன். ஹோஸ் திரைச்சீலையைக் கவ்விக்கொண்டது. நான் இழுக்க, அது இழுக்க, பின்பக்கம் பட்டாசுக் கடையில் தீப்பிடித்த மாதிரி ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், ஆள் உள்ளே உட்காரலாம் போல இருந்த பேரல், குடித்துவிட்டுக் கசக்கிப் போட்ட மோர்ப் பாக்கெட் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. ஹோஸின் வாய் அடைபட்டதும் மில் புளோயர் பேரலுக்குள் இருந்த காற்றையே உறிஞ்சி எடுத்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பம்ப் கம்பெனியில் சோறு தின்றவன் நான். உறிஞ்சினால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

ஜமால் பேரலைக் காலால் உருட்டிப் பார்த்தான். "நல்லவேளைங்ணா, ஊடு தப்பிச்சுது" என்றான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தனம் போன் செய்தாள். "மாமா, எங்க மாடி போர்ஷன் காலியாயிருச்சு. அக்காவுக்கு அது தோதா இருக்கும்னு இவரு சொல்றாரு. இங்க வந்ததுல இருந்து அக்கா நல்லா மூச்சு உடறா. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்வது? அவ விருப்பம் என்றேன்.

"அக்கா போன் பண்ணுனா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டீங்கறீங்களாமா? அவ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா போன வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கறா மாமா."

இங்கே சிக்னல் மோசம் என்றேன். அதற்கே இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவசரமாக வைத்துவிட்டேன்.

இன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. மாடி போர்ஷனாம். மேற்கு பார்த்த வீடு. வெயில் காலத்தில் வெந்துவிடும். யாராவது அவளிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

இரும்பு டிரம் வந்துவிட்டது. ஜாக்கி வைத்தாலும் நசுங்காது. முழு ஓட்டம். ஹால், படுக்கையறை, அடுப்படி, பட்டறை, எல்லா வாயும் ஒன்று மாற்றி ஒன்று திறந்து பார்த்தோம். கட்டிலுக்கடியில் இத்தனை வருஷமாகக் குடியிருந்த தூசியெல்லாம் போய்ச் சேர்ந்தது. காணாமல் போன என்னுடைய மீட்டர் டேப்பின் கொக்கியும் டிரம்மில் கிடைத்தது.

மோட்டாரை நிறுத்திய பிறகு ஒரு வேடிக்கை. பட்டறையில் ரம்பத்துக்கு அடியில் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். காதோரமாக ஜமால் முணுமுணுத்தான். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அடுப்படி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரில் டீயை ஆற்றியபடி தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறான். "இந்தாளு சம்சாரம் திரும்பி வந்தா நா மொட்டையே போட்டுக்கறேன்" என்கிறான். குழாய் வழியாக அச்சு அசலாக வந்து சேர்ந்தது.

ரொம்ப நல்லது. இனிமேல் அடுப்படியில் யார் என்னைப் பற்றி என்ன பேசினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 25, வியாழன்

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். கையில் அவருடைய வேட்டி. காற்று வெளியே போகிற குழாயின் முனையை நான் அவர் கொடிக்கயிற்றுக்கு நேராக வைத்துவிட்டேனாம். வேட்டி பொன்னிறமாக இருந்தது. நல்ல தேக்கு நிறம். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

எனக்கும் ரோஷம் வந்தது. "நீங்க மட்டும் எந்நேரமும் மொளகா வறுத்து எம் தொண்டையப் புண்ணாக்கலாமா?" என்று கேட்டேன்.

மனிதர் வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு அல்சருங்க. எங்க ஊட்ல மொளகாயே வாங்கறதில்ல" என்றார். கோபம் போய், குரல் தாழ்ந்து, "ஒடம்ப எதுக்கும் காட்டீருங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியானால் அதற்கு அடுத்த வீடாக இருக்கும்.

முனையைக் கூரைக்கு மேலே திருப்பிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு வருகிறாள். மதியத்துக்கு முன் வந்துவிடுவேன், நானே பூஜை செய்கிறேன், எதையும் தொட்டு வைக்காதீர்கள் என்று தனத்தின் போனிலிருந்து செய்தி.

வீட்டை மேலிருந்து கீழ்வரை உறிஞ்சிவிட்டேன். அலமாரி மேல், மின்விசிறி இறக்கை, சாமி படங்களின் பின்பக்கம். ஒரு சாமி படம் ஹோஸோடு வந்துவிட்டது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாட்டினேன்.

நாளைக்கு எப்படி நடத்துவது என்று ஒத்திகை பார்த்தாயிற்று. பூஜைப் பொரித் தட்டு கைதவறி ஹாலில் கொட்டுகிற மாதிரி கொட்டிவிடும். அவள் ஐயையோ என்று துடைப்பத்தைத் தேடுவாள். நான் அமைதியாக ஹோஸை எடுப்பேன். நொடியில் தரை பளிச். அவள் கைதட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சிரிப்பு போதும்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாள். டிவி மேல் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் இழுத்துப் பார்த்தாள். அடுப்படியில் நின்று கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்து விட்டாள். நான் பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துவிட்டு நிற்கிறவன் மாதிரி நின்றேன்.

"இழுக்கலீங்க. நல்லாருக்குது" என்றாள். ஆனால் பையைக் கூடத்து மூலையிலேயே வைத்தாள். பீரோவுக்குக் கொண்டுபோகவில்லை.

ராகு காலத்துக்கு முன்னால் பூஜை முடித்துவிட வேண்டும் என்று வேலையைத் தொடங்கினாள். உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். புளோயருக்கு மாலை. டிரம்முக்கு விபூதிப் பட்டை. மோட்டார் சுவிட்சுக்குக்கூட ஒரு பொட்டு. சாம்பிராணி காட்டினாள். வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். பிறகு பொரித் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஒத்திகைப்படி கைதவறியது. ஹால் முழுக்கப் பொரி, கடலை, சர்க்கரை.

"பாரு இப்ப" என்று ஹோஸை எடுத்தேன்.

"ஏனுங்க, அதத் தொடாதீங்க. பொட்டு வெச்சாச்சல்லொ."

உட்கார்ந்துவிட்டேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து கம்பெனியில் வருஷா வருஷம் நான் கடைப்பிடித்த வழக்கம். இத்தனை நாள் திட்டம் போட்டேனே, அது மட்டும் மண்டையில் ஏறவில்லை. சரி, துடைப்பத்தையாவது எடு என்றேன். துடைப்பத்துக்கும் பொட்டு வைத்திருந்தாள். ஆக நாங்கள் இரண்டு பேரும் பொரி மேலேயே நறநறவென்று நடந்து திரிந்தோம். சுலோச்சனா சிரிக்கவில்லை. தனத்தின் வீட்டு மாடியைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"நாஞ் சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க. நீங்களும் தனியா நல்லாத்தான இருக்கறீங்க. போன்லகூட..."

சாம்பிராணிப் புகை ஹாலில் நின்றுவிட்டது. எனக்கு நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டு வந்தது. பட்டறையில் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், கதவைச் சாத்திக்கொண்டேன். ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருக்கிறது. கொஞ்ச நாளாக இதற்கு அதுதான் இடம். குனிந்து உட்கார்ந்து இருமினேன். ஒரு தடவை தொடங்கினால் சீக்கிரம் நிற்பதில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, விலா வலித்து, கடைசியில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. எனக்கே அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு வருகிற அதே சத்தம்.

அப்போது ரம்பத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க."

சுலோச்சனா. அடுப்படிக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு சொன்னாள்.

"இதுதானுங்களா உங்க சிக்னலு?"

மோட்டாரைப் போட்டிருந்தால் எல்லாச் சத்தமும் அதில் முங்கிப் போயிருக்கும். சுவிட்சைப் பார்த்தேன். பொட்டு.

"எத்தன நாளா?" என்றது குழாய்.

"பக்கத்து ஊட்ல மொளகா..." என்று ஆரம்பித்தேன்.

"அவுரு அல்சர்காரருங்க."

நான் ரம்பத்துக்கு அடியில் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"நா இல்லாதது உங்களுக்கு நிம்மதியா இருக்குதுன்னு நெனச்சேன். அதனாலதான் போன வெசயா வெச்சுப்போடறீங்கன்னு. தனத்துகிட்டகூடச் சொல்லல. அங்க படுத்துட்டு அழுதுட்டு இருந்தேன்."  அழுகிறாளா, மூச்சு இழுக்கிறதா என்று குழாயில் பிரித்துக் கேட்க முடியவில்லை.

நேரில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ரம்பத்துக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சொன்னேன்: "எனக்கும் வந்துருச்சுன்னு தெரிஞ்சா பட்டறைய மூடச் சொல்லீருவாங்கன்னு பயம். நீ மறுக்கா வரவே மாட்டீன்னும் பயம். உன்ன வெச்சுத்தான் எனக்கு எல்லாம், சுலோச்சனா."

குழாயின் மூடி டப்பென்று விழுந்தது. அப்புறம் பட்டறைக் கதவு திறந்தது. பொரி ஒட்டின காலோடு வந்து, தன் இன்ஹேலரை என் கையில் வைத்து, "இழுங்க" என்றாள்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

மறுபூஜை முடிந்ததும் சுவிட்சைப் போட்டேன். ஹாலில் கிடந்த பொரி முழுவதும் உள்ளே போயிற்று. சுலோச்சனா பார்த்துவிட்டு, "நேத்தே ரெண்டு காக்காயக் கூப்டிருந்தாத் தின்னுட்டுப் போயிருக்கும்" என்றாள்.

கூடத்து மூலையில் பையைக் காணோம். பீரோவைத் திறந்து பார்த்தேன். சேலைகள் அவற்றின் இடத்தில் இருந்தன.

அக்டோபர் 3, வெள்ளி

அதே நெஞ்சு டாக்டர். அதே வேங்கை மேஜை. ஊதச் சொன்ன கருவியில் ஊதினேன். அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவை விட உங்களுக்குத்தான் மோசம், போன தடவை நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்றார். சுலோச்சனா எனக்காகப் பதில் சொன்னாள்: "அவுருக்குச் சிக்னல் கெடைக்கலீங்க டாக்டர்."

அவர் மறுபடி பார்த்துச் சொல்கிற வரைக்கும் ரம்பத்தைத் தொடக் கூடாது. இந்தத் தடவை இரண்டு பாதியும் காதில் விழுந்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

பட்டறைச் சாவி அவள் இடுப்பில். எனக்கு அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். நானே செய்ததுதான். உட்கார்ந்தால்தான் தெரிகிறது, முதுகுப் பலகை அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. இதை ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

அலமாரியில் இரண்டு இன்ஹேலர். ஒரே கம்பெனி, ஒரே நிறம். மாறிவிடக் கூடாது என்று என்னுடையதில் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். அப்படியானால் நாளை வரை தொடக் கூடாதே என்றேன். கரண்டியைக் காட்டினாள்.

ஜமால் மொட்டை போட்டுக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று சொன்னதாக ஞாபகமே இல்லையாம்.

மதியம் முகமூடி கட்டிக்கொண்டு பட்டறைச் சாமான்களை ஒழுங்குபடுத்தப் போனாள். நான் தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. பழக்கத்தில் எழுந்து கதவைப் பார்த்தேன். பிறகு, குழாயின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இருமினேன்.

"மருந்து இழுத்தீங்களா?" என்றது குழாய்.

"இல்ல."

"இழுங்க. வர்றேன்."

எந்த வீட்டிலும் மிளகாய் வறுக்கவில்லை.